நவமணி கட்டிய ஓட்டைச் சுவர்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு வேர்வை என்றாலே அருவருப்பு. குளிர் வீட்டிலிருந்து இறங்கிக் குளிர் காருக்குள் ஏறுகிறான். குளிர் கடையில் அரிசி வாங்குகிறான். அப்புறம் உடம்பு வேர்க்கவில்லையே என்று ஒரு கட்டடத்துக்குள் போய், நகராமல் நின்ற இடத்திலேயே ஓடுகிறான். ஈப்போ டவுனில் கண்ணாடி வழியாக நானே பார்த்தேன். என் மகள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள், குளிர் வெளியே போய்விடுமாம். மருமகன் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டுவான். மீன் தொட்டிக்குள் இருக்கிறவன் மாதிரி.

இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். மகேந்திரன் முன்னால் மட்டும் சொல்ல மாட்டேன். அவனுக்கு வேர்க்காது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டு டவுனுக்கு வெளியே, ஏழாங்கட்டையில், அதாவது ஏழாவது மைலில். ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது வெட்டுக்காரர்களுக்கென்று கொடுத்த பன்னிரண்டு தகரக் கூரை வீடுகள். ரப்பர் போய் இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. மகேந்திரன் என் பக்கத்து வீடு. லாரி ஓட்டியவன். இரண்டு வருசத்துக்கு முன் லாரி கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கால் இருக்கிறது, அவ்வளவுதான். நடக்க முடியாததுகூடப் பெரிதில்லை. அவன் உடம்பு வேர்க்க மறந்துவிட்டது. நமக்குச் சூடு ஏறினால் வேர்த்து இறங்கும். அவனுக்கு ஏறினது ஏறினதுதான். முகம் சிவந்து, தலை கனத்து, பேச்சுக் குழறும்.

ஏர்கோன் இருந்தது. ஆனால் எங்கள் வரிசைக்கு அந்தக் காலத்து வயர். மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லா வீட்டிலும் எதையாவது போட்டால் 'டப்' என்று மொத்த வரிசையும் அணைந்துவிடும். பிப்ரவரியில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை, அப்படி அணைந்தபோது மகேந்திரனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு தடவையும் தூக்கியது அவன் அண்ணன் ரூபன். ஈப்போவிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தான். டாக்டர் சொன்னது ஒன்றுதான்: அறை முப்பது டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது.

ரூபன் செமோரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் பார்த்துவிட்டான். அங்கே கரண்டு போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாம்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஷிஃப்டு," என்றாள் மகேந்திரன் பெண்டாட்டி நவமணி.

"லீவு கேளு."

"எத்தன ஞாயிறு அண்ணே கேப்பேன்? சாவுற வரைக்குமா?"

மகேந்திரன் தலைக்கு ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, "என்னைய வச்சிக்கிட்டே பேசறீங்களே, நான் என்னா சோபாவா? எங்க போடறதுன்னு கேக்கறீங்க?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ரூபன் தவணை வைத்தான். சித்திரைப் புத்தாண்டு கழித்து வரும் சனிக்கிழமை. அதற்குள் நவமணி ஒரு வழி பண்ண வேண்டும். இல்லையென்றால் வேனோடு வருவான்.

இது நடந்த நாலாம் நாள் நவமணி வீட்டு முன்னால் ஒரு லாரி செங்கல் இறங்கியது. போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட முழுசில்லை. எல்லாவற்றிலும் மூலை போயிருந்தது. அது போதாதென்று ஒவ்வொன்றிலும் ஓட்டை.

"என்னாம்மா இது, எலி கடிச்ச செங்கலா?"

"எலி இல்ல மாமா, கறையான்."

"கறையான் எப்பலேர்ந்து செங்கல்ல கடிக்குது?"

"கடிக்கல. கறையான் புத்து கட்டுதில்ல, அத பாத்து செஞ்சது. யுனிவர்சிட்டி ஆளுங்க எங்க ஃபேக்டரி சூளையிலதான் சுட்டாங்க. மூல ஒடஞ்சத தூக்கிப் போடச் சொன்னாங்க. நான் கேட்டு வாங்கிட்டேன்." நவமணி செமோர்ப் பக்கம் ஒரு கூரை ஓட்டுத் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் வேலை செய்கிறாள். "இந்தச் செவுரு ஏர்கோன் இல்லாம ரூம குளுகுளுன்னு வச்சிருக்குமாம் மாமா. பின்னால ஒரு ரூம் எடுக்கணும். நீங்கதான் கட்டணும்."

நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும். பதினாலு வயதில் ரப்பர் வெட்டப் போனேன். தோட்டம் போனபிறகு இருபத்திரண்டு வருசம் தவுக்கேவிடம், அதாவது சீன முதலாளியிடம், கொத்து வேலை. என் சுவரில் தவுக்கே கையைத் தடவிப் பார்ப்பான். ஒரு ஊசி நுழைய இடமிருந்தாலும் இடிக்கச் சொல்வான். அப்படிப்பட்ட என்னை ஓட்டைச் சுவர் கட்டச் சொல்கிறாள்.

"முடியாதும்மா. ஓட்ட வச்சிக் கட்டறதுக்கு எதுக்கு கொத்தன்? நாய் போதும்."

"சரி, நானே கட்டிக்கிறேன்."

மறுநாள் காலை இரவு ஷிஃப்டு முடிந்து வந்தவள் தூங்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணைத் தோண்டினாள். நூல் கட்டத் தெரியாமல் கட்டினாள். கோணல் எனக்கு என் வீட்டு ஜன்னலிலிருந்தே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் கல் வைக்குமுன் அவள் செம்பனை ஓரத்துப் புற்றுக்குப் போய் மஞ்சள் தடவிப் பால் ஊற்றிவிட்டு வந்தாள். ரப்பர் காலத்திலிருந்தே இருக்கிற புற்று. புல் வெட்ட வருகிற வங்காளதேசத்துக்காரன்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

"என்னான்னு கும்புட்ட?"

"உன்ன மாதிரிதான் கட்டப் போறோம், கோவிச்சிக்காதன்னு."

மூன்றாம் நாள் ஜெனட் வந்தாள். அந்தச் செங்கல்லைச் சோதனை பண்ணுகிற இஞ்சினியர். ஈப்போ வேதக்காரக் குடும்பத்துப் பெண். நவமணி உடைந்த கல்லை எங்கே கொண்டுபோனாள் என்று பார்க்க வந்தவள், மகேந்திரனைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப்பிறகு தினமும் சாயங்காலம் வந்தாள். என்னை அங்கிள் என்றாள். நான் யாருக்கும் அங்கிள் இல்லை.

"அங்கிள், புத்துக்குள்ள ஃபேன் இல்ல, கரண்ட் இல்ல. வெளிய கொளுத்துது. ஆனா உள்ள கறையான் வெந்து சாகறதில்ல. ஏன்னா அதோட தோலு பூரா சின்னச் சின்ன வழி. காத்து மெதுவா உள்ள வந்து, உள்ள இருக்கற சூட்ட வெளிய கொண்டுபோவுது. இந்தக் கல்லுலயும் அப்பிடித்தான். மண்ணோட பாகான் செராய் வயல் நெல்லு உமியக் கலந்து சுட்டோம். உமி எரிஞ்சிபோயி எடமெல்லாம் பொடிப் பொடியா ஓட்ட. அதனால சூடு சீக்கிரம் தாண்டாது. அடி வரிசைல காத்து நொழையும், கூரைக்குக் கீழ இருக்கற வழியா வெளிய போவும். அடிக் கல்லுல தெனமும் தண்ணி ஊத்துங்க. பானைல தண்ணி குளிருதில்ல, அது மாரி உள்ள வர்ற காத்தும் குளிரும்."

"கறையான் கட்டும், கருநாகம் குடி வரும். அத ஒங்க யுனிவர்சிட்டில சொல்லித் தரலயா?"

உள்ளேயிருந்து மகேந்திரன் சிரித்தான். "கேளுங்க மாமா, நல்லா கேளுங்க!"

ஜெனட் சிரிக்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி ஓட்டையில் விட்டாள். இரண்டு விரற்கடை போய் நின்றது. "உள்ள வளைஞ்சி வளைஞ்சி போவுது. வெளிப்பக்கம் வெரல் நொழையும். உள்பக்கம் இந்தக் குச்சி மொனைதான். பாம்புக்குட்டிகூட வராது."

"நெத்திலி மாரி பாம்பெல்லாம் இருக்கும்மா."

"நெத்திலிய மொளகா அரைச்சி சம்பால் வச்சிரலாம் மாமா," என்றாள் நவமணி, கலவையை மிதித்துக்கொண்டே.

பதினாறு நாள் கட்டினோம். பங்குனி சித்திரை வெயில் தலையைப் பிளந்தது. நாய்கள் காருக்கு அடியிலிருந்து அசையவில்லை. நவமணி இரவெல்லாம் சூளை, பகலெல்லாம் சுவர். எப்போது தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு வெறுந்தேநீரும் ரொட்டியும் கொண்டுவந்து வைப்பாள். நின்றபடியே குடிப்போம். மகேந்திரன் வாசல்படியில் சக்கர நாற்காலியில் இருந்து, "இடது பக்கம் சாயிது மாமா" என்று மேஸ்திரித்தனம் பண்ணுவான். சாயாது. சும்மா சொல்வான். மேலே தகரத்துக்கு ஜெனட் வெள்ளைச் சாயம் கொண்டுவந்தாள். ஏதோ வெள்ளை வண்டின் முதுகைப் பார்த்துச் செய்ததாம். இந்தப் பெண்ணுக்கு மனுசனைத் தவிர எல்லாம் வாத்தியார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சுவர் முடிந்தது. அன்று சாயங்காலம் பின்பக்கக் கால்வாய் ஓரம் கரண்டியைக் கழுவப் போனேன். அங்கே பாம்புச் சட்டை கிடந்தது. என் முழங்கை நீளம். புதுசு.

அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மகேந்திரன் காலில் பாம்பு கொத்தினால் அவனுக்குத் தெரியாது. போன வருசம் சுடுதண்ணீர் கொட்டித் தொடை வெந்தபோதே நவமணி பார்த்துச் சொன்னபிறகுதான் தெரிந்தது. ஈர்க்குச்சியைக் காட்டிவிட்டு அந்தப் பெண் ஈப்போவுக்குப் போய்விடுவாள். கட்டினவன் நான். பக்கத்தில் இருக்கிறவனும் நான்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல், நவமணி ஷிஃப்டிலிருந்து வருமுன், ஒரு வாளி சிமெண்டு குழைத்தேன். பின்பக்கம் அடி மூன்று வரிசையையும் வெளியே அடைத்து நைசாகப் பூசினேன். தவுக்கே தடவிப் பார்த்திருந்தால் என் முதுகில் தட்டியிருப்பான். எனக்கும் மனசு நிம்மதியாக இருந்தது.

நவமணி எட்டு மணிக்கு வந்தாள். "அடிக் கல்லுக்குத் தண்ணி ஊத்தணும் மாமா."

"அதெல்லாம் நான் பாத்துட்டேன். நீ போய்க் குளி."

பதினோரு மணிக்குப் பால் காய்ச்சினாள். புது அறை, காய்ச்சாமல் எப்படிக் குடிபோவது? அறைக்குள் கேஸ் அடுப்பை வைத்து, பால் கிழக்கே பொங்கும்வரை காத்திருந்தோம். பன்னிரண்டுக்கு மகேந்திரனைக் கட்டிலோடு உள்ளே கொண்டுபோனோம். ஒரு மணிக்கு ஜெனட் வந்தாள். சூடு காட்டுகிற ஒரு சின்ன மீட்டரைச் சுவரில் மாட்டினாள். இரண்டு மணிக்கு ரூபன் வேனோடு வந்தான். வேனுக்குள் பாய் விரித்துத் தயாராக இருந்தது.

மீட்டரில் முப்பத்தாறு.

மகேந்திரன் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. ஈரத்துண்டு போட்டதும் காய்ந்தது. அவன் ஜோக் அடிக்கவில்லை.

"உள்ள அடுப்பு வச்சீங்களா?" என்று ஜெனட் கேட்டாள். மூலையில் பால் பொங்கிய கறை இருந்தது.

நவமணி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான். நான்தான் அண்ணே கெடுத்துட்டேன். பாலு காய்ச்சறேன்னு அடுப்ப உள்ள கொண்டாந்து வச்சேன். பதினாறு நாளு கட்டி, ஒரு அடுப்புல போக்கிட்டேன்."

"போதும்மா," என்றான் ரூபன். அவன் குரலில் கோபம் இல்லை. "நீ செஞ்ச வரைக்கும் போதும். வேன்ல ஏத்தலாம்."

நான் கதவோரம் நின்றேன். அடுப்பு என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிசம் நினைத்தேன். மறைக்க மாட்டேன், நினைத்தேன்.

ஜெனட் விடவில்லை. "அடுப்ப அணைச்சி மூணு மணி நேரம் ஆச்சி. அந்தச் சூடு இந்நேரம் மேல போயிருக்கணும்." சாமி படத்தடியில் இருந்த ஊதுபத்தியைக் கொளுத்தி, சுவரின் அடியில் பிடித்தாள். புகை ஆணி அடித்த மாதிரி நேராக மேலே போனது. "காத்தே வரல. ஒரு சொட்டு வரல." எழுந்து பின்பக்கம் போகக் கிளம்பினாள்.

"போவேணாம்," என்றேன். "நான்தான் அடைச்சேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாம்புச் சட்ட கெடந்துச்சி. அவன் கால்ல கடிச்சா அவனுக்குத் தெரியாது. அதான் காலைல சிமெண்டு வச்சிட்டேன். அடுப்பு இல்ல. நான்."

நவமணி எழுந்தாள். அறைவாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தாலும் நியாயம். அவள் என் கொத்து வேலைப் பையைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து என் கையில் திணித்தாள். "ஒடைங்க மாமா. ஒரு ஓட்ட விடாம ஒடைங்க."

"நவமணி, மணி ரெண்டே கால் ஆவுது," என்றான் ரூபன்.

"நாலு மணி வரைக்கும் குடுங்க அண்ணே."

"அவன் மொகத்தப் பாரு நீ."

கட்டிலிலிருந்து மகேந்திரன் பேசினான். நாக்கு தடித்திருந்தது. "நாலு மணி வரைக்கும் குடு அண்ணே. நான் இங்கதான் இருப்பேன். என் தலையில தண்ணி ஊத்துங்க, செவுத்துல தண்ணி ஊத்துங்க. வேனுக்கு மட்டும் வர மாட்டேன்."

பின்பக்கம் போனோம். காலையில் வைத்த சிமெண்டு, இன்னும் பச்சை. உளி பட்டதும் பொத்துப் பொத்தென்று விழுந்தது. நான் ஒரு பக்கம், நவமணி ஒரு பக்கம். அவள் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு துவாரமாகக் குடைந்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரூபன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, ஆணி ஒன்றை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் குந்தினான். மூணாவது வீட்டு மங்களம் மகேந்திரன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெயில் முதுகை உரித்தது. என் சிமெண்டை நானே திட்டிக்கொண்டு உடைத்தேன். நன்றாகத்தான் பூசியிருந்தேன், சனியன்.

கடைசி வரிசை திறந்ததும் நவமணி வாளி வாளியாக அடிக் கல்லில் தண்ணீர் அடித்தாள். கல் உறிஞ்சிக்கொண்டே இருந்தது, தாகம் எடுத்த மாடு மாதிரி.

"புகை சாயிது!" என்று உள்ளேயிருந்து ஜெனட் கத்தினாள்.

ஓடினோம். ஊதுபத்திப் புகை சுவரிலிருந்து விலகி அறைக்குள் சாய்ந்து, பிறகு மெல்ல எழும்பிக் கூரை ஓரம் போய் மறைந்தது. கையை வைத்தேன். காற்று என்று சொல்ல முடியாது. தூங்குகிற குழந்தை மூச்சு அளவு.

"செவுரு மூச்சு விடுது மாமா," என்றான் மகேந்திரன்.

முப்பத்தைந்து. மூன்றரைக்கு முப்பத்திரண்டு. நாலு மணிக்கு முப்பது புள்ளி ஆறு. அதிலேயே நின்றது. நவமணி மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரூபன் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தான்.

"மணி என்னா அண்ணே?" என்றாள் நவமணி, திரும்பாமல்.

ரூபன் வாட்சைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டான். "தெரியலம்மா. நின்னுபோச்சி போல."

நாலே காலுக்கு இருபத்தொன்பது புள்ளி எட்டு.

மங்களம் குலவை போட்டாள். கல்யாணத்துக்குப் போடுகிற குலவை. வெளியே நின்ற ஆட்கள் என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டினார்கள். நவமணி சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், உடனே சிரித்தாள், மறுபடி அழுதாள். ஜெனட் அவளைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பேரும் சிமெண்டுத் தூளோடு மாவில் புரண்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

மகேந்திரன் முகத்தில் சிவப்பு இறங்கியிருந்தது. "நவமணி, சட்ட ஒண்ணு எடு," என்றான்.

"சட்டையா? எதுக்கு?"

"இத்தன பொம்பளைங்க வந்து நிக்கறாங்க. இப்பிடியேவா கெடப்பேன்?"

இரண்டு வருசமாகச் சூட்டில் அவன் உடம்பு சட்டை தாங்கியதில்லை. பெட்டிக்கு அடியிலிருந்து நீலச் சட்டை வந்தது. லாரி ஓட்டிய நாளில் தீபாவளிக்கு எடுத்தது. ரூபன்தான் கையைத் தூக்கிப் போட்டுவிட்டான், ஒவ்வொரு பொத்தானாக மாட்டினான். பிறகு வாசலுக்குப் போய்ப் போனை எடுத்து, "ஆமா, செமோர்தானே? ஆளு வரல. அந்தக் கட்டில வேற யாருக்காச்சும் குடுங்க. ஆமா, வீட்டுலயே இருக்கான். நல்லா இருக்கான்," என்றான். நல்லா இருக்கான் என்பதை இரண்டு தடவை சொன்னான்.

அன்று நவமணி கோழிக் குழம்பு வைத்தாள், வெளி அடுப்பில். வேனில் விரித்திருந்த பாயை உருவிக் கீழே போட்டு அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகேந்திரன் இரண்டு தடவை சோறு கேட்டான். எனக்கு ஈரலை எடுத்து வைத்தாள் நவமணி. திட்டுக்குப் பதிலா, மன்னிப்பா என்று தெரியவில்லை. தின்றேன்.

ஆனால் ஒரு நாள் நடந்ததை வைத்து நான் எதையும் நம்புகிறவன் இல்லை. மீட்டரும் அந்தப் பெண் கொண்டுவந்ததுதானே? திங்கட்கிழமை டவுனுக்குப் போய்ச் சீனன் கடையில் சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கினேன். தினமும் மூன்று மணிக்கு மகேந்திரன் அறைக்குள் போய் ஜெனட்டின் மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். திங்கள், செவ்வாய், புதன். புதன் அன்று வரிசை முழுக்கக் கரண்டு போய் எல்லா வீட்டிலும் ஆட்கள் விசிறியோடு வெளியே வந்தார்கள். மகேந்திரன் அறையில் சட்டையோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதற்குப்பிறகு மத்தியானமானால் கிழங்கட்டைகள் எல்லாம் அங்கேதான். மங்களம் தாயக்கட்டைகூடக் கொண்டுபோய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு வெளியே முப்பத்தைந்து. உள்ளே என் மீட்டரில் இருபத்தொன்பது. ஜெனட்டின் மீட்டரிலும் அதேதான்.

"இப்ப என்னா சொல்றீங்க அங்கிள்?" என்றாள் ஜெனட், நோட்டில் எழுதிக்கொண்டே.

"ரெண்டு மீட்டரும் கெட்டிருக்கும்."

மகேந்திரன் கட்டில் அதிரச் சிரித்தான். நவமணி வாளியைக் கீழே வைத்தாள். "மாமா, இன்னொரு லோடு ஒடஞ்ச கல்லு இருக்காம். ஒங்களுக்கும் ஒரு ரூம் எடுத்துரலாமா? நான் கட்டித் தரேன்."

"நீ கட்டினா கோணும்," என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் பிடரியில் அறைந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பின்னால் மங்களம் தாயம் போட்டுவிட்டுக் கத்துகிற சத்தம் கேட்டது. சுவர் மூச்சு விடுதாம். மூச்சு விடுகிற எதுவும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் நிறுத்தத்தான் செய்யும். நவம்பர் மழை வரட்டும், பார்ப்போம் என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.